உடம்பில் புதிதாக ஒரு கோளாறு: பொறுத்துப் பார்ப்பதா, யாரிடம் காட்டுவது?

காரணம் தெரியாத ஒரு தொந்தரவு உடம்பில் தலைகாட்டினால் நம் முன்னால் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. சும்மா விட்டுப் பார்க்கலாம். இணையத்தில் தேடலாம். மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கலாம். நாமே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். பொது மருத்துவரைப் பார்க்கலாம், நேராகச் சிறப்பு மருத்துவரிடம் போகலாம், வீடியோவில் ஒரு டாக்டரிடம் பேசலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கே ஓடவும் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. ஆனால் நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நம் பயத்தின் அளவைப் பார்த்துத்தான். பயம் குறைவு என்றால் தள்ளிப் போடுகிறோம், கூடினால் பெரிய டாக்டரைத் தேடி ஓடுகிறோம். இன்னும் சிலர் ரொம்பப் பயந்துபோனதாலேயே யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இவர்கள்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசர அறிகுறிகள் என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அவை வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. மற்றபடி மனசை உறுத்தும் எந்த அறிகுறிக்கும் முதலில் போக வேண்டிய இடம் ஒரு நல்ல பொது மருத்துவர். பொறுத்துப் பார்ப்பதிலும் தப்பில்லை, ஆனால் கெடு வைத்துப் பொறுக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் நாமே டெஸ்ட் எடுத்துக்கொள்வதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

யோசிக்கவே கூடாதவை

முகம் ஒரு பக்கம் கோணிப் போவது, ஒரு கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சு குளறுவது: பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போட முடியும். அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, அறிகுறி தொடங்கிய நிமிடத்தில் தொடங்குகிறது. அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார் எப்போது பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நெஞ்சை யாரோ அமுக்குவது போன்ற வலி, அது தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுவது, கூடவே வியர்த்துக் கொட்டுவது: மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக, குமட்டலாக, விளங்காத ஒரு களைப்பாக வருவதும் உண்டு. 'வாயுதான்' என்று வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

இன்னும் சில. ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் வந்திராத தலைவலி. முதுகுவலியோடு தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போய், சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்க, கூடவே திடீர் மூச்சிரைப்பு. கண்ணில் மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்து, ஒரு ஓரத்திலிருந்து திரை விழுவது போலப் பார்வை மறைவது. பையன்களுக்கு ஒரு பக்க விதையில் திடீரென்று கடும் வலி. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு, கூச்சப்பட்டு விடியும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் அதை இழக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் மக்கள் அதிகமாக ஏமாறுவது, வந்துவிட்டுத் தானே போய்விடும் அறிகுறியில். கை பத்து நிமிடம் செயலிழந்து பிறகு பழையபடி ஆகிவிட்டது, சரி, களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் திரும்பியிருக்கலாம். இப்படி அவசரப் பிரிவுக்கு வந்த 1,707 பேரைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. 90 நாட்களுக்குள் 180 பேருக்கு முழுப் பக்கவாதம் வந்தது. அதில் 91 பேருக்கு முதல் 2 நாட்களிலேயே. கை சரியாகிவிட்டது என்பதால் அவசரம் போய்விடவில்லை; மாத்திரையால் அடுத்ததைத் தடுப்பதில் மிக முக்கியமான நேரமே அந்த இரண்டு நாட்கள்தான்.

பொறுத்துப் பார்ப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவர்களே செய்வதுதான். உடம்பின் சின்னச் சின்னக் கோளாறுகளில் பெரும்பகுதி பெயர் வைக்கும் முன்பே போய்விடும். எது போகும், எது போகாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். போன வாரம் தொண்டைவலி இருந்தது. கட்டி தொட்டால் வலிக்கிறது, விரலுக்குக் கீழே வழுக்கி நகர்கிறது, மெத்தென்று இருக்கிறது. இது நெறி கட்டியிருப்பது. தொற்றை எதிர்க்கும்போது நிணநீர் முடிச்சு வீங்கத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்க்கலாம். இன்னொருவருக்கும் கட்டி, ஆனால் வலியே இல்லை, கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, அசைத்தால் அசையவில்லை, மாதக் கணக்கில் மெல்லப் பெரிதாகிறது. இதைப் பொறுக்கக் கூடாது. இடமும் பேசும்: காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் தட்டுப்படும் முடிச்சை எந்த வயதிலும், எந்த அளவிலும் டாக்டர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இடப்பக்கக் குழியில் வரும் முடிச்சு வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1848-லேயே எழுதிவைத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்தக் குழியைத் தடவிப் பார்க்கப் பழகுகிறார்கள்.

வலிக்காததுதான் பயப்பட வேண்டியது என்பது நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிர். வலித்தால் ஓடுகிறோம், வலிக்காவிட்டால் விடுகிறோம். சிறுநீரில் ரத்தம் இதற்குச் சரியான உதாரணம். எரிச்சலோடு வந்தால் பெரும்பாலும் தொற்று, கடும் வலியோடு வந்தால் பெரும்பாலும் கல். எந்த வலியும் இல்லாமல் ஒரு நாள் சிவப்பாகப் போய்விட்டு மறுநாள் தெளிந்துவிட்டால்? என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. 'சூடு' என்றார், நிறையத் தண்ணீர் குடித்தார், நின்றுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பல மாதம் கழித்துத் திரும்ப வந்தபோதுதான் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், உள்ளே கட்டி. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ரத்தம் விட்டு விட்டு வருவது வழக்கம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் ஒரே ஒரு முறை வந்தாலும் காட்டியே ஆக வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டாலும் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை எடுத்தாலும் சிறுநீர் நிறம் மாறும், உண்மைதான். ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே அதைத் தெளிவாக்கிவிடும்.

மலத்தில் ரத்தம் என்றால் 'மூலம்தான்' என்று முடிவுகட்டுவதும் இதே ரகம். மூலமாகவே இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் பார்த்த டாக்டர். மூலம் இருப்பவருக்குக் குடலில் வேறொன்றும் இருக்கக் கூடாது என்று சட்டமா? மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்போடு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது மேல்வயிற்றிலிருந்து வரும் ரத்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் எடுத்துக்கொள்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

கெடு எத்தனை நாள்? மூன்று வாரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் தாண்டிய இருமல், மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் மூன்றையும் காட்ட வேண்டும். இருமலோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு சேர்ந்தால் அவ்வளவு நாள்கூட வேண்டாம். எடைக்கு ஒரு கணக்கு: முயற்சியே செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் காரணம் தேட வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோதான். 'இளைச்சு நல்லா இருக்கீங்களே' என்று நாலு பேர் பாராட்டுகிற அளவு.

கெடுவை மனசுக்குள் வைத்தால் நகர்ந்துகொண்டே போகும். போன் காலண்டரில் தேதி போட்டு, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். தேதி வந்தால் அவர் கேட்பார்.

இணையமும் மருந்துக்கடையும்

இணையத் தேடலைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. அறிகுறியைத் தட்டினால் நோயைச் சொல்லும் 23 செயலிகளையும் தளங்களையும் 2015-இல் ஓர் ஆய்வு சோதித்தது. சரியான நோயை முதலிடத்தில் சொன்னது 34 சதவீதம், எவ்வளவு அவசரம் என்பதைச் சரியாகச் சொன்னது 57 சதவீதம். இன்றைய கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, ஆனால் எதுவும் உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்காது. டாக்டரிடம் என்ன கேட்பது என்று தயாராகத் தேடுங்கள், அதற்கு நல்லது. இரவு பதினொரு மணிக்கு நோயைக் கண்டுபிடிக்கத் தேடினால் தூக்கம் போவது மட்டும் நிச்சயம்.

மருந்துக்கடை வேறு. சளிக்கும் சாதாரணத் தலைவலிக்கும் அது போதும். நல்ல மருந்தாளுநர் 'இதுக்கு நான் மாத்திரை தர மாட்டேன், டாக்டரைப் பாருங்க' என்று சொல்லும் இடம் அறிந்தவர். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். பிரச்சினை, காரணம் தெரியாத அறிகுறியை மருந்து போட்டு மூடுவதில் இருக்கிறது. நெறி கட்டியதற்கு ஸ்டீராய்டு போட்டால் கட்டி சுருங்கும், ஆனால் அது நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் பிறகு எடுக்கும் திசுப் பரிசோதனையில் சரியாகப் பிடிபடாமல் போகலாம். நாள்பட்ட இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுத்தால் காசநோய் கொஞ்சம் அடங்குவது போலக் காட்டும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அமில மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் இரைப்பைப் புண்ணும், அதைவிடப் பெரியதும்கூட வலிக்காமல் வளரலாம். தொந்தரவு குறைந்த சந்தோஷத்தில் காரணம் கண்மறைவாகிவிடும். என்ன எடுத்தீர்கள் என்ற அட்டையை எறியாமல் வைத்திருங்கள். டாக்டருக்கு அது பெரிய தடயம்.

நாமே டெஸ்ட் எடுப்பது

அதிகம் பேருக்குக் கவர்ச்சியாக இருக்கும் வழி இது. டாக்டர் எப்படியும் டெஸ்ட்தானே எழுதப்போகிறார், நாமே எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஒரு நடை மிச்சம் என்ற கணக்கு. எழுபது எண்பது பரிசோதனைகளை ஒரே கட்டாக விற்கிறார்கள் வேறு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. காரணம், 'நார்மல்' என்ற எல்லை எப்படிப் போடப்படுகிறது என்பது.

பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகளில் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவு எந்த இடைவெளிக்குள் விழுகிறதோ அதுதான் நார்மல். அதாவது நல்ல உடம்போடு இருப்பவர்களிலேயே 20 பேருக்கு ஒருவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமான ஒருவருக்கு எடுத்தால், ஒன்றாவது நார்மலுக்கு வெளியே போய் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். எண்பது எடுத்தால் எதுவுமே தடித்த எழுத்தில் வராமல் போவதுதான் ஆச்சரியம். பிறகு அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு அடுத்த டெஸ்ட், அதற்கடுத்து ஸ்கேன். வந்த தொந்தரவு ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

புற்றுநோய்க் குறியீடுகள் என்று தனியாக விற்கப்படுபவை இன்னும் மோசம். சூலகப் புற்றுநோய்க்கு எடுக்கும் சி.ஏ. 125 மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பத்திலும், கருப்பைத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும். குடல் புற்றுநோய்க்கு எடுக்கும் சி.இ.ஏ. புகைபிடிப்பவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கும். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கு எடுக்கும் பி.எஸ்.ஏ. சாதாரணச் சிறுநீர்த் தொற்றிலும் ஏறும். சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவும் கருவிகளை, பயந்துபோன ஒருவர் தானாக எடுத்துப் பார்த்தால் பயம்தான் மிஞ்சும்.

ஸ்கேனுக்கும் இதே கதை, பெரிய அளவில். தென்கொரியாவில் 1999-இல் தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது தைராய்டு அல்ட்ராசவுண்டையும் பலர் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்தப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதமோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்க எதுவும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் சுரப்பியை இழந்து, தினமும் மாத்திரை போட்டுக்கொள்பவர்களானார்கள்.

மறுபக்கமும் உண்டு, அது இன்னும் ஆபத்து: நார்மல் என்று வந்து ஏமாற்றுவது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்த அளவு முதல் சில மணி நேரத்தில் ஏறாமல் இருக்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கிறார்கள். வலி இல்லாத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. சுத்தமாக இருக்கலாம். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நடந்தால் நெஞ்சு இறுக்குவதை ஒரு மாதம் பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பொது மருத்துவரா, சிறப்பு மருத்துவரா?

முடிவெடுக்கக் கஷ்டமான இடம் இதுதான். நேராகச் சிறப்பு மருத்துவரிடம் போனால் நேரம் மிச்சம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் சிறப்பு மருத்துவர் என்று தேர்ந்தெடுப்பதே பாதி நோயறிதல். அதை நோயாளி தலையில் கட்டுவது எந்த வகையில் சரி?

தலைசுற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பியல் டாக்டரா, காது மூக்கு தொண்டையா, இதயமா? படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால் உள்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, கருவிழி தானாக அசைந்து துடிக்கிறதா என்று பார்த்தால் அதே மேசையில் தெரிந்துவிடும். அந்தத் துகள்களைத் திருப்பி அனுப்பும் தலை அசைவுச் சிகிச்சையும் சில நிமிட வேலை. எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது என்றால் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அதற்கு எந்த நிபுணரும் வேண்டாம். இதற்கெல்லாம் நேராக மூளை ஸ்கேனில் போய் நின்றால் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பார்கள், தலை சுற்றிக்கொண்டே இருக்கும்.

பொது மருத்துவரின் இன்னொரு பலம், உங்கள் மாத்திரைப் பெட்டி முழுவதையும் ஒருவரே பார்ப்பது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் அல்லது எனாலாப்ரில் எடுப்பவருக்குத் தொண்டை கமறி வறட்டு இருமல் வருவது அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. ரத்த அழுத்தத்துக்கே தரும் ஆம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறைந்து பாதம் மரத்துப் போகலாம். இந்த மூன்று பேரும் முறையே நுரையீரல், இதயம், நரம்பு என்று மூன்று வாசலில் காத்திருப்பதைவிட, 'என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க, காட்டுங்க' என்று கேட்கும் ஒருவரிடம் போனால் ஒரே நாளில் வழி தெரியும்.

பொது மருத்துவரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. கூட்டம் அதிகம், நேரம் குறைவு. அரிதான நோயை வாழ்நாளில் ஒருமுறை பார்த்திருப்பார், அல்லது பார்த்தே இருக்க மாட்டார். தெரிந்தவர் என்பதாலேயே 'உனக்கு எப்பவும் வர்றதுதானே' என்று பழைய பெயரையே ஒட்டிவிடும் அபாயமும் உண்டு. அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தனக்குப் பிடிபடாதபோது தயங்காமல் எழுதி அனுப்புகிறாரா? அனுப்புகிறவர் என்றால் அவரிடம் முதலில் போனதில் நஷ்டமே இல்லை. அவர் எழுதிக்கொடுக்கும் கடிதத்தோடு போனால் சிறப்பு மருத்துவரும் நடுவிலிருந்து தொடங்குவார்.

நேராகச் சிறப்பு மருத்துவரிடமே போகலாம் என்று நான் நினைக்கும் இடங்களும் உண்டு. கண்ணில் எது வந்தாலும் கண் மருத்துவர். மார்பகத்தில் கட்டி, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் என்றால் மார்பகச் சிகிச்சை செய்யும் இடம். அங்கே கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது மூன்றும் சேர்ந்து நடக்கும், மூன்றும் சேர்ந்தால்தான் பதில் நம்பகமானது. நிறமோ விளிம்போ மாறிக்கொண்டிருக்கும் மச்சத்துக்குத் தோல் மருத்துவர். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் பெண்கள் நல மருத்துவர். முன்பே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக எது தோன்றினாலும் பழைய சிகிச்சைக் குழுவிடமே முதலில் சொல்ல வேண்டும். இந்தச் சில விஷயங்களில் இடைவாசல் தேவையில்லை என்பது என் எண்ணம். சில நாடுகளில் பொது மருத்துவரின் கடிதம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அங்கே கடிதத்தில் 'அவசரம்' என்று குறிக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

வீடியோவில் பேசுவது தோல் தடிப்புக்கும், மருந்துச் சந்தேகத்துக்கும், இப்போதே போக வேண்டுமா என்று தெரிந்துகொள்வதற்கும் பயன்படும். கட்டி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இவற்றுக்குக் கை வைத்துப் பார்க்க வேண்டும், ஸ்டெதஸ்கோப் வைக்க வேண்டும்.

உள்ளே போன பிறகு

எந்த வாசலில் நுழைந்தாலும் பலன் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் விவரத்தைப் பொறுத்தது. 1975-இல் பிரிட்டனில் 80 புது நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 66 பேருக்கு, வந்த கடிதத்தைப் படித்து நோயாளி சொன்னதைக் கேட்ட அளவிலேயே கிடைத்த முடிவு கடைசிவரை மாறவில்லை. தொட்டுப் பார்ப்பதும் லேபும் மீதிப் பேருக்குத்தான் போக்கை மாற்றின. ஆனால் 1984-இல் வந்த இன்னோர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். அதனால் முதல் வாக்கியத்திலேயே விஷயம் இருக்க வேண்டும். 'ரொம்ப நாளா உடம்பு ஒரு மாதிரி இருக்கு டாக்டர்' என்று தொடங்கினால் அந்த 18 வினாடியும் போய்விடும். 'ஆறு வாரமா எடை குறையுது, நாலு கிலோ குறைஞ்சிருக்கு, ராத்திரி சட்டை மாத்தற அளவுக்கு வேர்க்குது' என்று சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, விட்டு விட்டு வருகிறதா, எதைச் செய்தால் கூடுகிறது, என்ன எடுத்துப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். தோல் தடிப்பு, வீக்கம், நிறம் மாறிய சிறுநீர் போன்றவை டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் மறைந்துவிடலாம். தோன்றும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் பயத்தையும் சொல்லிவிடுங்கள். 'அம்மாவுக்குக் குடல் புற்றுநோய் இருந்தது, எனக்கும் அதுதானோன்னு பயமா இருக்கு' என்று சொல்வதில் வெட்கம் இல்லை. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பது டாக்டரின் முடிவையே மாற்றக்கூடிய விவரம். பலர் இதை எழுந்து கதவருகே போன பிறகுதான் சொல்கிறார்கள்.

கிளம்பும் முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வேறு என்னவாக இருக்கலாம்? எத்தனை நாளில் சரியாகாவிட்டால், அல்லது என்ன புதிதாக வந்தால், நான் திரும்ப வர வேண்டும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

எல்லாம் நார்மல் என்று சொல்லியும் தொந்தரவு போகவில்லை என்றால் அதே டாக்டரிடம் திரும்பிப் போவதா, மாற்றுவதா? நான் முதலில் திரும்பிப் போகத்தான் சொல்வேன். ஒரு மாதம் கழித்தும் அதே அறிகுறி இருப்பது டாக்டருக்கே ஒரு புதுத் தகவல். புது டாக்டரோ அ-விலிருந்து தொடங்குவார். 'போன தடவை இதுவா இருக்கும்னு சொன்னீங்க, அதுக்கு மருந்தும் எடுத்தேன், குறையலை. வேற என்னவா இருக்கும்?' என்று நேராகக் கேளுங்கள். பதற்றம், மனசுதான் காரணம் என்று சொன்னால் கோபப்பட வேண்டியதில்லை. பதற்றம் நிஜமான படபடப்பையும் மூச்சுமுட்டலையும் வயிற்றுவலியையும் தரும், அதற்கு நிஜமான சிகிச்சையும் உண்டு. ஆனால் தைராய்டு கூடினாலும் அதே படபடப்பு வரும், ரத்தம் குறைந்தாலும் வரும். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டாம் முறையும் காது கொடுத்துக் கேட்கவில்லை, தொடாமலே அதே மாத்திரையை நீட்டித்தார் என்றால் மாற்றிவிடுங்கள். பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய், வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று முடிவு வரும் இடங்களில் முதல் டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இன்னொருவர் கருத்தையும் கேட்பது நல்லது.

அப்படி இரண்டாவது டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேனின் படங்கள் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். திசுப் பரிசோதனை செய்திருந்தால் அந்தக் கண்ணாடித் தகடுகளையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டால் தருவார்கள், அல்லது அடுத்த லேபுக்கு அனுப்பிவைப்பார்கள். புது டாக்டர் முந்தைய ஆள் எழுதியதைப் படிப்பதோடு நிற்காமல், அவர் பார்த்ததைத் தானும் பார்க்க அவை வேண்டும்.